பயிற்சிப் பாயும் புல்தரையும்: செட்டிநாட்டிலிருந்து ஒரு கோல்ஃப் அனுபவம்

ரேஞ்சில், அதாவது ஓரிடத்தில் நின்று பந்தடித்துப் பழகும் திடலில், நன்றாக அடிப்பவர் மைதானத்தில் திணறுவதைப் பார்த்ததும் "பதற்றம்" என்று சொல்லிவிடுகிறார்கள். பல வருடங்களாக இரண்டையும் மாறி மாறிப் பழகியவன் என்ற முறையில் இதை நான் ஏற்க மாட்டேன். பதற்றத்துக்கு ஒரு பங்கு உண்டுதான். ஆனால் பெரும்பங்கு, ரேஞ்சும் மைதானமும் நம்மிடம் கேட்பது வேறு வேறு வேலைகள் என்பதில் இருக்கிறது. அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு பயிற்சியின் அமைப்பையே மாற்றினால் ஆட்டம் மாறும். என் ஆட்டம் அப்படித்தான் மாறியது.

நான் கோல்ஃப் கற்றது கோலாலம்பூரில் வேலை பார்த்த காலத்தில். மாலையில் டிரைவிங் ரேஞ்சுக்குப் போய் ஒரு கூடைப் பந்தை அடித்துத் தீர்த்துவிட்டு வீடு திரும்புவேன். பிறகு காரைக்குடிக்குப் பக்கத்தில் பூர்வீக வீட்டுக்கே குடிவந்துவிட்டோம். இப்போது பயிற்சி பின்கட்டில். ஆட்டம், மதுரை, வத்தலகுண்டு வழியாக மலையேறிப் போய்க் கொடைக்கானலில். 1895இல் தொடங்கிய கிளப் அது. 18 குழி மைதானம் முழுவதும் மேடும் சரிவும்தான். நடுவே காட்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தால் அவை நகரும்வரை காத்திருக்க வேண்டும்.

பின்கட்டில் முதலில் வாங்கிப் போட்டது ஒரு வலையும் செயற்கைப் புல் பாயும். வலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் ஊர் வெயிலில் நைலான் நூல் இற்றுப்போகும். பந்து படும் நடுப்பகுதி முதலில் கிழியும். அந்த இடத்தில் மட்டும் இன்னொரு கனமான துணியைத் தொங்கவிட்டால் நெடுநாள் தாங்குகிறது. பாய்தான் யோசிக்க வேண்டிய பொருள். மெல்லிய பாயைச் சிமெண்டுத் தரையில் விரித்து அயர்ன் (இரும்புத் தலை மட்டை) கொண்டு அடித்தால் ஒவ்வொரு அடியின் அதிர்வும் முழங்கைக்கு வந்து சேரும். விற்றவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடியில் தடித்த ரப்பர் அட்டை போட்ட பிறகுதான் முழங்கை வலி அடங்கியது.

வலியைவிடப் பெரிய குறை வேறு. பாய் பொய் சொல்லும். கிளப் (அடிக்கும் மட்டை) பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் தரையைத் தொட்டாலும் பாயின் மேல் வழுக்கிக்கொண்டு வந்து பந்தை எடுத்துவிடும். சத்தமும் நன்றாக இருக்கும், பந்தும் எழும்பும், நமக்கும் திருப்தி. அதே அடியைக் கொடைக்கானலின் ஈரப் புல்லில் அடித்தால் கிளப் மண்ணில் புதையும். பந்து பாதித் தூரம்கூடப் போகாது. அயர்ன் அடியில் கிளப் முதலில் பந்தையும் பிறகு தரையையும் தொட வேண்டும். பாயில் எத்தனை கூடை அடித்தாலும் இந்த வரிசை சரியாக இருக்கிறதா என்று தெரியாது.

சரி, வெறுந்தரையில் அடிக்கலாமே என்றால், எங்கள் செம்மண்ணில் சரளை அதிகம். கோடையில் தரை பாறையாக இறுகிவிடும். அயர்னின் முகமும் அடிப்பாகமும் கீறல் விழுந்து வீணாகிவிடும். ஆகவே கொத்தனாரை வைத்து ஒரு சிறு பாத்தி கட்டி, ஒரு சாண் ஆழத்துக்குச் சலித்த மணலைக் கொட்டினேன். என்னிடம் உள்ள சாதனங்களில் மிக மதிப்புள்ளது இதுதான்.

பழகும் முறை இது: மணலில் தண்ணீர் தெளித்து, மட்டப் பலகையால் இழுத்துச் சமப்படுத்திக்கொள்ள வேண்டும். குச்சியால் குறுக்கே ஒரு கோடு. பந்து வேண்டாம். எட்டாம் எண் அயர்னை எடுத்துக் கோட்டின் மேல் பந்து இருப்பதாக வைத்து வீச வேண்டும். பிறகு குனிந்து பார்த்தால் எல்லாம் மணலிலேயே எழுதியிருக்கும். நல்ல அடியாக இருந்தால் கோட்டின் பின்பக்க விளிம்பு கலையாமல் நிற்கும்; வெட்டு கோட்டில் தொடங்கி முன்னால் உள்ளங்கை நீளத்துக்கு ஆழமில்லாமல் போயிருக்கும். உடல் எடை பின்காலிலேயே தங்கிவிட்டால் கோட்டுக்குப் பின்னாலேயே மணல் பெயர்ந்து கோடு அழிந்திருக்கும். வெட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்துக் கிளப் உள்ளே இழுத்ததா, வெளியே தள்ளியதா என்றும் சொல்லலாம். ரேஞ்சில் பந்தின் பின்னாலேயே கண் போய்விடும். இங்கே பார்ப்பதற்குப் பந்தே இல்லை. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் இதைச் செய்துவிட்டால், வலைக்கு முன் நிற்கும் நேரம் பாதி போதும்.

இனி மைதானம். ரேஞ்சில் ஒரே கிளப்பால் பந்துக்குப் பின் பந்தாக அடிக்கிறோம். மூன்றாவது, நான்காவது அடிக்குள் உடல் தன்னைத் திருத்திக்கொள்கிறது. மைதானத்தில் அந்த முதல் அடி மட்டும்தான் கணக்கு. டிரைவர் என்ற நீண்ட மட்டையால் முதல் அடியை அடித்துவிட்டுப் பல நிமிடம் நடந்து, அடுத்து கையில் எடுப்பது வேறு நீளமுள்ள வேறு கிளப். பையில் 14 கிளப்புகள் வரை வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. எதை எடுப்பது என்பதே ஒரு வேலை. நான்கு மணி நேர ஆட்டத்தில் கிளப்பை வீசும் நேரத்தை மட்டும் கூட்டினால் சில நிமிடங்கள்தான் தேறும். மீதி நேரம் நடை, காத்திருப்பு, யோசனை.

1979இல் ஷியா, மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கை அசைவுகளைக் கற்பித்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து முடித்து அடுத்ததற்குப் போனவர்கள் பயிற்சியின்போது முன்னணியில் இருந்தார்கள். அசைவுகளைக் கலந்து கலந்து பழகியவர்கள் பயிற்சியில் தடுமாறினார்கள். ஆனால் 10 நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களே மேலாகச் செய்தார்கள். ஒரு கூடைப் பந்தும் ஏழாம் எண் அயர்னுமாக ஒரு மாலையைக் கழிப்பவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் திருப்தி எவ்வளவு நிலைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதனால் வலைக்கு முன்னாலேயே கொடைக்கானலை ஆடுகிறேன். முதல் குழியை மனத்தில் கொண்டுவந்து டிரைவர். பிறகு வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தை, சுற்றி ஒரு நடை. திரும்பி வந்து, பந்து விழுந்திருக்கக்கூடிய இடத்துக்கு ஏற்ற கிளப், ஒரே ஒரு பந்து. சரியாகப் படவில்லையென்றால் மறு பந்து கிடையாது. அடுத்த அடி எங்கிருந்து என்று யோசித்து வேறு கிளப். இப்படிப் பழக நேரம் அதிகமாகும், பந்து எண்ணிக்கை குறையும். ஆனால் புதிதாக ஒரு பிடியையோ நிலையையோ மாற்றும்போது மட்டும் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கத்தான் வேண்டும். ரேஞ்ச் வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன்.

எந்தப் பாயும் தராத ஒன்று சரிவு. ரேஞ்சில் காலடி எப்போதும் சமம். கொடைக்கானலில் சமதரை கிடைத்தால் அது அதிர்ஷ்டம். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து காலைவிட உயரத்தில் இருந்தால் இடப்பக்கம் போகும், தாழ்வில் இருந்தால் வலப்பக்கம். ஏறுசரிவில் பந்து உயர எழும்பித் தூரம் குறையும். இறங்குசரிவில் தாழ்ந்து போய் விழுந்த பிறகு ஓடும். தோள்களைச் சரிவுக்கு இணையாகச் சாய்த்து, முக்கால் வீச்சில் அடித்தால் பாதி சிக்கல் தீரும். வீட்டில் இதற்காக ஒரு காலைச் செங்கல்லின் மேல் வைத்து, பந்தில்லாமல் வீசிப் பார்க்கிறேன். முழுப் பயன் இல்லை, ஓரளவு உதவுகிறது.

தூரமும் அப்படியே. ரேஞ்ச் பந்துகள் அடிபட்டுத் தேய்ந்தவை. சில இடங்களில் குறைந்த தூரம் போகும்படியே செய்த பந்துகளைப் போடுவார்கள். அங்கே அளந்த தூரத்தை நம்பி மைதானத்தில் கிளப் எடுக்கக் கூடாது. மலையில் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. 2,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து கூடுதலாகப் பறக்கிறது. காலைக் குளிர் அதில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும், வெயில் ஏறியதும் திருப்பிக் கொடுக்கும். பையைச் சுமந்து கூடவரும் கேடி சொல்லும் கிளப்பைத்தான் நான் எடுக்கிறேன். தினமும் அந்தத் தரையில் நடப்பவருக்குத் தெரிந்தது என் அட்டவணைக்குத் தெரியாது.

பட்டிங்கில், அதாவது குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற மழித்த புல்தரையில் பந்தை உருட்டுவதில், மட்டும் எங்கள் வீடுகளுக்கு ஒரு வசதி உண்டு. பார் 72 (நல்ல ஆட்டக்காரர் 72 அடிகளில் முடிக்க வேண்டியது) மைதானத்தில் குழிக்கு இரண்டு பட் என்று வைத்தே 36 அடிகள் ஒதுக்கியிருக்கிறார்கள், அதாவது ஆட்டத்தில் பாதி. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இரண்டு கற்களுக்கு இடையிலான இணைப்புக்கோடு நேராக ஓடுகிறது. பந்தை அந்தக் கோட்டில் வைத்து, கோட்டைவிட்டு விலகாமல் உருட்டுவதே பயிற்சி. கிளப்பின் முகம் ஒரு இழை திரும்பியிருந்தாலும் பந்து இரண்டாவது கல்லுக்குள் கோட்டைத் தாண்டிவிடும். வேகத்தை மட்டும் இங்கே பழகக் கூடாது. கிரீனைவிட இந்தத் தரை வழுக்கும். வாட்டம் பார்க்கப் பழக வேண்டுமென்றால், மழைநீர் ஓடுவதற்காக வாட்டம் விட்டுக் கட்டிய வளவு முற்றம் இருக்கிறது. கிரீனையும் தண்ணீர் தேங்காதபடித்தான் அமைக்கிறார்கள். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நின்று பார்த்தாலே பந்தின் வளைவு பாதி பிடிபடும்.

தேவகோட்டையில் இருக்கும் மைத்துனர் புதிதாகத் தொடங்கியிருக்கிறார். என்ன வாங்கலாம் என்று கேட்டார். டிரைவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். முதலில் மணல் பாத்தி, அடுத்து பந்தை உருட்ட ஒரு பட்டர், ஓர் எட்டாம் எண் அயர்ன், பக்கத்திலிருந்து பந்தை உயரத் தூக்கிப் போட ஒரு வெட்ஜ். வலையும் தடித்த பாயும் அதன் பிறகு. கை ஓரளவு படிந்ததும் ஒருமுறை மைதானத்துக்கு வந்துவிட வேண்டும், அடி முழுமையாகச் சரியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சாரல் நின்று புல் காய்ந்ததும் என்னுடன் கொடைக்கானல் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.