பாட்டுப் பாடும் பிரஷ்: வாங்கலாமா என்று கேட்ட நண்பனுக்கு

விலை பாதிக்குப் பாதி இறங்கிவிட்டதாம். "மச்சி, வாங்கலாமா?" என்று தண்டையார்பேட்டை நண்பன் லிங்க் அனுப்பியிருக்கிறான். பட்டனை அழுத்தினால் பாட்டுப் பாடுமே, குழந்தைகளுக்கான, சார்ஜ் போட்டு ஓடும் அந்த பல் பிரஷ்தான். என் மகள் யூகேஜி போகும்போது எங்கள் வீட்டுக்கு வந்தது. இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. கீழே விழாத நாள் இல்லை, இன்னும் ஓடுகிறது. சார்ஜும் நிற்கிறது. அதில் குறை சொன்னால் வாய் அழுகிவிடும்.

என் சண்டையெல்லாம் அந்தப் பாட்டோடுதான். 2 நிமிடம் ஓடும். 30 விநாடிக்கு ஒருமுறை பீப் அடித்தால், வாயில் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். யோசித்தவர் கெட்டிக்காரர்தான். ஆனால் பிள்ளைக்கு பீப்பாவது ஒன்றாவது! பாட்டு முடிந்தால் வேலை முடிந்தது. முன்பல்லிலேயே பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் இடுப்பை ஆட்டியபடி நிற்பாள். சத்தத்தை நிறுத்த வழியே கிடையாது. ராயபுரத்தில் எங்களுடையது ஒட்டுக்குடித்தனம். பக்கத்து போர்ஷன் அக்கா அந்த ட்யூனை முணுமுணுத்துக்கொண்டேதான் பம்பில் தண்ணீர் அடிக்கிறார்.

கோட்டை ஸ்டேஷன் எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனபோது டாக்டரம்மா குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். "முன்னாடி பளிச்சுன்னு இருக்கு, பின்னாடி யாரு தேய்க்கிறது?" என்றார். ஆறு வயதை ஒட்டி, பால் பற்களுக்கெல்லாம் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் அதையும் பால் பல் என்றே பலரும் விட்டுவிடுகிறார்கள். போனால் திரும்ப முளைக்காத பல் அது. மேலே வரிவரியாகப் பள்ளம். பிஸ்கட் மாவெல்லாம் அதில்தான் அடைந்துகொள்ளும். சுத்தம் செய்து, பள்ளத்தை மூடும் சீலன்ட் என்ற பூச்சைப் பூசி, நீல லைட் காட்டி இறுகவைத்தார். ஊசியும் இல்லை, அழுகையும் இல்லை. எந்த பிரஷ் வாங்கினாலும் ஏழெட்டு வயது வரை பெரியவர்கள் கூடவே நின்று தேய்த்துவிட வேண்டுமாம். ஃப்ளோரைடு பேஸ்ட் பட்டாணி அளவு போதும்; நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் விடுவது நல்லதாம்.

அப்படியென்றால் பாட்டு எதற்கு?

ஒன்று சொல்லியாக வேண்டும். இது வருவதற்கு முன் ராத்திரி பல் தேய்ப்பது எங்கள் வீட்டில் குருக்ஷேத்திரம். இப்போது சாப்பிட்டு முடித்ததும் அவளே போய் எடுக்கிறாள், யாரும் சொல்வதில்லை. கொடுத்த காசு அதற்கே சரியாகிவிட்டது.

இருந்தாலும் வாங்காதே, மச்சி. மெடிக்கல் ஷாப்பில் சின்னத் தலை, மெத்தென்ற நார் உள்ள சாதா பிரஷ் வாங்கி, நீயே பக்கத்தில் நின்று தேய்த்துவிடு. ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டாய் என்றால் மாற்றிப் போடும் ஹெட்டையும், அதாவது நார் உள்ள தலைப்பகுதியையும், சேர்த்தே வாங்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எம்.சி. ரோடு, மின்ட் என்று அலைந்தும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆன்லைனில் அது விற்கிற விலைக்கு இன்னொரு பிரஷ்ஷே வந்துவிடும்.