புதியவரா, நிபுணரா: ஒரு துறைக்கு யார் அதிகம் தருகிறார்கள்?

2019 செப்டம்பரில் இந்தியாவின் சந்திரயான்-2 அனுப்பிய விக்ரம் லேண்டர் (தரையிறங்கு கலம்) நிலவில் மோதிச் சிதறியது. நாசா வெளியிட்ட படத்தைப் பழைய படங்களோடு புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, முதல் சிதறலைக் கண்டுபிடித்தவர் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். விண்வெளி ஆய்வு அவருடைய தொழில் அல்ல. மோதிய இடத்துக்கு வடமேற்கே சுமார் 750 மீட்டரில் ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி. அதற்காகப் படத்தை இவ்வளவு பொறுமையாகத் துருவ நிபுணர்களுக்கு நேரம் ஏது?

சரி, நிபுணர்கள்? அவர் மின்னஞ்சலில் தெரிவித்த பிறகு, அக்டோபரிலும் நவம்பரிலும் எடுத்த படங்களை வைத்து அந்தப் புள்ளியை உறுதிசெய்து, டிசம்பரில் அவர் பெயரையும் சொல்லி நாசா அறிவித்தது. படமெடுத்த கேமராவே நிபுணர்களின் உழைப்புதான்.

சென்னையின் நீலாங்கரை, பெசன்ட் நகர் கடற்கரையில் நடக்கும் ‘ஆமை நடை’ வேறு மாதிரி. பங்குனி ஆமை என்னும் கடலாமையின் முட்டைகளைத் தேடிக் காக்க, மாணவர் அமைப்பொன்று 1988 முதல் இரவில் நடக்கிறது. மணலைக் குச்சியால் குத்திக் கூட்டைக் கண்டுபிடிக்கப் பழகிய கை வேண்டும். ஆனால் ஆண்டுதோறும் புதுக் கால்கள் வராவிட்டால் நடையே கிடையாது.

என் ஓட்டு புதியவர்களுக்கே. அவர்கள் அனுப்பும் மின்னஞ்சலை நிபுணர்கள் திறந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.