ஆறு வருடம், நான்கு படிப்பு: ஓர் அண்டி ஆபீஸ்காரியின் கணக்கு

"ஃப்ரீ கிளாஸ்தானே, போய் உட்காரு, காசா பணமா?" என்று மைனி சொன்னது 2019-இல். காசும் ஆச்சு, பணமும் ஆச்சு. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதுவது, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு, அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்கு இலவச வகுப்பு, தமிழ் டைப்பிங் என்று நான்கையும் பார்த்தாகிவிட்டது. முப்பது வயசுக்கு மேல் புத்தகத்தைத் தூக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். தக்கலைப் பக்கம் ஓர் அண்டி ஆபீஸில் பதினான்கு வருடம் முந்திரி உடைத்தேன். வெளியூர்க்காரர்கள் ஆபீஸ் என்றதும் ஃபேனும் ஃபைலும் நினைக்க வேண்டாம். முந்திரித் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.

பத்தாம் வகுப்பில் பலர் கோட்டை விடும் இடம் அறிவியல் செய்முறை. அதற்கு 25 மதிப்பெண். கல்வித்துறை சொல்லும் பள்ளியில் பேர் பதிந்து பயிற்சிக்குப் போக வேண்டும். செய்முறையில் 15, எழுத்துத் தேர்வில் 75-க்கு 20 எடுத்தால்தான் பாஸ். முதல் நாள் ஒரு மீட்டர் ஸ்கேலை நூலில் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் எடைக்கல்லைத் தள்ளித் தள்ளிச் சமன் செய்யச் சொன்னார்கள். 'திருப்புத்திறன்களின் தத்துவம்' என்று புத்தகத்தில் வாசித்தபோது தலை சுற்றியது. ஸ்கேலைக் கையில் எடுத்ததும் சுற்றல் நின்றது. கிலோ கணக்கில் கூலி வாங்கியவளுக்குத் தராசு முள் எந்தப் பக்கம் ஏமாற்றும் என்று யாரும் சொல்லித்தர வேண்டுமா? எனக்கு முன்னால் நின்ற பையன்களை விட முதலில் முடித்தது நான்தான்.

அப்புறம் கொரோனா. 2020-இல் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் பாஸ் என்று அறிவித்துவிட்டார்கள். தனித்தேர்வர்களுக்கு மட்டும் செப்டம்பரில் தேர்வு. கோபம் வந்தது உண்மைதான். ஆனாலும் என் சான்றிதழை யாரும் 'கொரோனா பாஸ்' என்று கிண்டல் செய்ய முடியாது, அதில் எனக்கு ஒரு சின்ன கர்வம் உண்டு.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை இப்போது ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு அரசு உதவித்தொகை மாதம் 300 ரூபாய். அதற்கும் பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000-ஐத் தாண்டக் கூடாது. அந்த 300 எனக்கு அண்டி ஆபீஸில் ஒரு நாள் கூலி. அதை நம்பி யாரும் வேலையை விட வேண்டாம்.

இலவச வகுப்புக்கு வருகிறேன். எங்கே என்பது வேண்டாம். பாடம் நடத்தியவர்கள் நல்லவர்கள், குறை அவர்களிடம் இல்லை. நேரம்தான் குறை. காலை பத்தரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும். டிகிரி முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது சரி. எனக்கு அன்றைய கூலி முழுசாகப் போகும். வாரம் இரண்டு நாள் என்றால் மாதம் 2,400 ரூபாய் ஆச்சா? மகளிருக்கு டவுன் பஸ் இலவசம் என்று வந்திருக்காவிட்டால் இரண்டாம் மாதமே நின்றிருப்பேன். நடுவில் ஆசைப்பட்டு ஒரு தனியார் மையத்தில் 8,000 கட்டினேன். கொடுத்த நோட்ஸ் அத்தனையும் சமச்சீர் புத்தகத்திலிருந்து வரிக்கு வரி எடுத்தது. குரூப் 4-க்கு ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளிப் புத்தகமே போதும், அதுவும் ஆன்லைனில் இலவசம். 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் வராவிட்டால் மிச்ச விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். முதலில் தமிழைப் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர்கோவில் மாவட்ட மைய நூலகம் எனக்குச் சரிப்பட்டது.

அந்த வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்த ஒரு தங்கச்சி. தமிழில் எங்கள் எல்லாரையும் விட கெட்டிக்காரி. அரசியலமைப்புப் பாடத்தில் ஒருநாள் சார் கேட்டார்: "குடியுரிமை பெறும் வழிகள் எத்தனை?" எங்களுக்கு முன்னால் அவள் சொன்னாள்: "ஐந்து சார். பிறப்பு, வம்சாவளி, பதிவு, இயல்புரிமை, நிலப்பரப்பு இணைப்பு." அப்புறம் என் காதருகே, "அஞ்சும் தெரியும் அக்கா, எனக்கு ஒண்டும் இல்ல" என்றாள்.

1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை. அவள் பிறந்தது தமிழ்நாட்டில்தான், ஆனால் 1991-இல். என் பாட்டி திருவிதாங்கூரில் பிறந்து, வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலேயே 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்துக்காரி ஆனவர். மாநில எல்லைக் கோடு அவரைத் தேடி வந்தது. 2024-இல், மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய் உரிமை பெற்று ஓட்டுப் போட்ட செய்தியை இவள்தான் போனில் காட்டினாள். "அஞ்சு வருசம் முந்திப் பிறந்திருக்கணும் அக்கா." சில மாதங்களில் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். இப்போது சாயங்காலம் முகாம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள்.

நான்கில் உடனே பலன் தந்தது டைப்பிங்தான். தமிழ் டைப்பிங்கில் லோயர் என்னும் முதல் நிலைத் தேர்வு பாஸ் செய்த கையோடு ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. அண்டி ஆபீஸை விட்டு இரண்டு வருடம் ஆகிறது.

குரூப் 4 மூன்று தடவை எழுதியாயிற்று. விடைத்தாளில் இடது பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் அண்டித் தோட்டின் எண்ணெய் விரலை அரித்துவிடும். 2022 ஜூலையில் நான் வைத்த ரேகை வெறும் கறுப்புத் திட்டாக விழுந்தது. "நல்லா அழுத்துங்கம்மா" என்று அறையில் இருந்த மேடம் இரண்டு தடவை சொன்னார். விடை வட்டங்களில் மை பட்டுவிடுமோ என்று எனக்குக் கை நடுங்கியது. 2025 ஜூலையில் ஒரே அழுத்துதான், சுழி தெளிவாக விழுந்தது.