2 நிமிடம் 10 விநாடி: இரத்த மாதிரிப் பயிற்சி வகுப்பு எப்படி இருந்தது?

எங்கள் வார்டிலிருந்து ஆய்வகத்துக்குப் போகும் குழாய்களில் தினமும் ஒன்றிரண்டாவது திரும்பி வரும். "உறைந்துவிட்டது", "அளவு போதாது", "அணுக்கள் உடைந்திருக்கின்றன", மறுபடி எடுத்து அனுப்புங்கள். இது பொறுக்காமல் நிர்வாகம் எங்களில் 12 பேரை ஒரு தனியார் நிறுவனத்தின் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியது. 14 ஆண்டுகளாக நரம்பு தேடிக் குத்துகிற எனக்கு இவர்கள் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறார்கள் என்ற எரிச்சலோடுதான் போய் உட்கார்ந்தேன்.

அரை மணி நேரத்திலேயே மூக்கு உடைந்தது. பயிற்றுநர் எதையும் விளக்கவில்லை. "தினமும் எப்படி எடுப்பீர்களோ அப்படியே எடுங்கள்" என்று சொல்லிவிட்டு, ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நின்றுகொண்டார். நரம்பு புடைக்கக் கையில் பட்டையைக் கட்டினேன், தட்டினேன், தடவினேன், பஞ்சைத் தேடினேன். பட்டையை அவிழ்த்தபோது 2 நிமிடம் 10 விநாடி ஆகியிருந்தது. ஒரு நிமிடத்தைத் தாண்டினால் நரம்பிலிருந்து நீர் கசிந்து, புரதமும் கால்சியமும் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பது படித்ததுதான், மறக்கவில்லை. கைக்குத்தான் தெரியவில்லை. போதாததற்கு, நோயாளியாக உட்கார்ந்திருந்த தோழியிடம் "கையை நன்றாக மூடித் திறங்கள்" என்று வேறு சொல்லியிருந்தேன். அது பொட்டாசியத்தை ஏற்றிவிடும்.

வகுப்பின் உயிர் மதியம் நடந்த செய்முறை. ஒரே ஆளின் இரத்தம், மூன்று பச்சை மூடிக் குழாய்கள். ஒன்றை மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தினார். இரண்டாவதை மருந்துப் புட்டிபோலக் குலுக்கினார். மூன்றாவதில், ஊசியைக் கழற்றாமல் சிரிஞ்சை அழுத்திப் பீய்ச்சினார். குழாயை வேகமாகச் சுழற்றி அணுக்களை அடியில் படியவைக்கும் சுழற்சி இயந்திரத்திலிருந்து எடுத்துப் பார்த்தால், முதல் குழாயின் மேல்பகுதி வெளிர் மஞ்சள், இரண்டாவது இளஞ்சிவப்பு, மூன்றாவது நல்ல சிவப்பு. அணுக்கள் உடைந்ததன் நிறம் அது. மூன்றாவது குழாயைத்தான் நான் ஆண்டுக்கணக்காக ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, திருப்பி அனுப்புகிறவர்களைத் திட்டியிருக்கிறேன்.

பிறகு, எந்த நிற மூடிக் குழாயை எதற்குப் பின் நிரப்புவது என்ற வரிசை: கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் புட்டி முதலில், அதன்பின் நீலம், சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல். "ஊதா குழாயிலிருந்து சிவப்புக் குழாய்க்கு ஊற்றி அளவைச் சரிசெய்தவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றார். யாரும் அசையவில்லை. நான் தூக்கினேன், பின்னாலேயே நான்கு கைகள். வேலையில் சேர்ந்த புதிதில் அப்படி ஊற்றி அனுப்பிய மாதிரியில் பொட்டாசியம் உயிருக்கே ஆபத்தான அளவாக 9-ஐத் தாண்டியிருந்தது, கால்சியம் அநேகமாக இல்லை. மருத்துவர் ஓடி வந்தார். நோயாளியோ கட்டிலில் சம்மணமிட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மறுபடி எடுத்ததில் 4.2, இயல்பான அளவு. ஊதா குழாயில் உள்ள உறைவெதிர்ப்பு மருந்தே பொட்டாசியம் உப்பு. கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. அன்று நான் வாயே திறக்கவில்லை. பயிற்றுநர் எங்கள் ஐந்து பேரையும் கேலி செய்யவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

நீலக் குழாயைப் பற்றி ஒரு பாடம்: உறைவெதிர்ப்பு மருந்து 1 பங்கு, இரத்தம் 9 பங்கு. கோடு வரை நிரம்பாவிட்டால் உறையும் நேரம் பொய்யாக நீளும்.

அடையாளம் சரிபார்ப்பதில்தான் பெரும்பாலோர் கவிழ்ந்தோம். பயிற்றுநர் நோயாளியாகப் படுத்துக்கொண்டார். எங்களிடம் கொடுத்த சீட்டில் இருந்த பெயரைச் சொல்லி "நீங்கள்தானே?" என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் அரைத்தூக்கத்தில் "ம்" என்றார். மணிக்கட்டுப் பட்டையில் இருந்ததோ வேறு பெயர். 12 பேரில் 9 பேர் ஊசியைக் கையில் எடுத்துவிட்டோம். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டுமாம்.

குறைகளும் உண்டு. இரண்டாம் நாள் காலை முழுவதும் ஸ்லைடு. கையேட்டின் எழுத்து எறும்பு அளவு. பழகக் கொடுத்த பிளாஸ்டிக் கையில் நரம்பு கயிறு கயிறாகப் புடைத்திருந்தது. அதில் குத்தத் தெரியாதவர் யார்? குழந்தைகளுக்கும் நரம்பே பிடிபடாத முதியவர்களுக்கும் எப்படி எடுப்பது என்று ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. "எடுத்து முடித்த பிறகு, கட்டிலருகிலேயே பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள்" என்பது சரிதான். ஆனால் விடியற்காலை 5 மணிக்கு ஒரே ஆள் 20 பேருக்கு எடுக்கும்போது, முன்கூட்டியே ஒட்டி அடுக்கிவைக்கும் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டேன். சிரித்தார். அந்தக் கேள்விக்கு எங்கள் நிர்வாகத்தையும் பக்கத்தில் உட்கார வைத்திருக்க வேண்டும்.

உங்கள் மருத்துவமனை இப்படியொரு வகுப்புக்கு அழைத்தால், சுழற்சி இயந்திரம் கொண்டுவருவார்களா என்று முதலில் விசாரியுங்கள். வெறும் ஸ்லைடு என்றால் விடுப்பு எடுத்துக்கொண்டு தூங்குங்கள்.