ஓதக் காற்றில் ஒரு சீன டிஸ்கோ கேசட்: வாங்கலாமா?

சீன டிஸ்கோ பாடகி ஜாங் சியாங்கின் பழைய கேசட் ஒன்றை வாங்கிக் குன்னூரிலோ கோத்தகிரியிலோ கேட்க நினைப்பவர், பாட்டைப் பார்ப்பதற்கு முன் பூசணத்தைப் பார்க்க வேண்டும்.

பாடகி 1967இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். முதல் கேசட் ‘டோக்கியோ இரவு’, 1985. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் சீன அரசு ‘ஆன்மிக மாசு’ ஒழிப்பு என்று சொல்லி மேல்நாட்டு மோஸ்தரை விரட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் சுருட்டை முடியும் மூக்கில் இழையும் குரலுமாக இந்தப் பெண் வந்துவிட்டார். பாட்டுகளில் பெரும்பாலானவை வெளியூர் மெட்டுக்குச் சீன வரி போட்டவை. எக்கோ கேசட்டுகளில் எண்பதுகளின் இளையராஜாவைக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த சின்தசைசரும் டிரம் மெஷினும் அந்நியமாகவே இராது. பயிற்சி பெற்ற குரல் இல்லை, அதுதான் அழகு.

1985க்கும் 1987க்கும் இடையில் கேசட்டுகள் அடுக்கடுக்காக வந்தன. வேகமாகப் பதிவானவை என்பது பின்னணி இசையிலேயே தெரியும். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் முதல் கேசட்டை வாங்குங்கள். 2013இல் நியூ பேண்ட்ஸ் என்ற சீன ராக் குழுவினரோடு சேர்ந்து வெளியிட்ட ‘டிஸ்கோ என்றால் என்னவென்று இனிக் கேட்காதே’ ஆல்பத்தைக் கைப்பேசியிலேயே கேட்டுக்கொள்ளலாம். பதிவு சுத்தமானது, அதைக் கேசட்டில் தேடி அலைவது வீண் செலவு.

விற்பவரிடம் கேசட்டின் ஜன்னல் வழியே ரீல் தெரியும்படி படம் கேளுங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் பூசணம். அந்தக் கேசட்டை நல்ல டெக்கில் (கேசட் ஓட்டும் கருவியில்) போட்டால், ரீலிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட் அழுக்காகும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். ஒலி மாதிரி கேட்டால் பெரும்பாலும் ஏ பக்க முதல் பாட்டைத்தான் அனுப்புவார்கள். ஏ பக்கத் தொடக்கமும் பி பக்க முடிவும் ரீலில் ஒரே இடம் என்பதால், பி பக்கத்தின் முதல் பாட்டையும் கேட்டு வாங்குங்கள். ரீலின் இரண்டு முனையும் அப்போதுதான் தெரியும்.

கையில் வந்ததும் உடனே ஓட்டாதீர்கள். ரீலுக்குப் பின்னால் செப்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் சின்ன கம்பளித் துண்டைப் பாருங்கள். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ரீல் ஹெட்டில் சரியாகப் படியாது, ஒலி மங்கும். ஐந்து திருகாணி போட்ட கூடு என்றால் திறந்து, இரண்டு சக்கரங்களையும், ரீலின் இருபுறமும் இருக்கும் வழுக்குத் தாள்களோடு புதுக் கூட்டுக்கு மாற்றிவிடலாம். ஒட்டிய கூட்டை இணைப்போரம் கத்தி விட்டுத்தான் பிளக்க வேண்டும். இந்த வேலையை வெயில் நாளில் செய்யுங்கள். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை ஆகாது. கூடலூருக்கு ஆடி ஆகாது. பிறகு முழுதாக ஒருமுறை முன்னோக்கியும் பின்னோக்கியும் ஓட்டினால் ஒட்டிக் கிடக்கும் சுற்றுகள் பிரியும்.

டெக்கில் ஹெட்டையும், ரீலை இழுக்கும் மெல்லிய உலோகத் தண்டான கேப்ஸ்டனையும் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கூடுதல். ரப்பர் உருளைக்கு சோப்புத் தண்ணீர் போதும்.

இந்தப் பாடகிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். டெக்கினுள் சுழலும் ரப்பர் பெல்ட் தளர்ந்து வேகம் 6 சதவீதம் குறைந்தால் சுருதி அரை ஸ்வரம் இறங்கும்; பதினெட்டு வயதுக் குரல் அத்தை குரலாகிவிடும். “இவ்வளவு கனமான குரலா” என்று வியப்பவர் முதலில் பெல்ட்டை மாற்றட்டும். நீளமாக இழுக்கும் சின்தசைசர் ஒலி ஆடினாலும் காரணம் பெரும்பாலும் அதேதான்.

வேகம் சரியாக இருந்தும் ஹை-ஹேட் என்னும் டிரம் தாளத்தட்டின் ‘ஸ்ஸ்’ மங்கியே கேட்டால், ஹெட்டின் சாய்வை மாற்றும் ஓரத்துத் திருகைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் மெல்லத் திருப்புங்கள். பழைய நிலையை முன்கூட்டியே நகப்பூச்சால் குறித்துக்கொண்டு, பிறகு அங்கேயே திருப்பி வைக்காவிட்டால், உங்கள் தமிழ்க் கேசட்டுகள் எல்லாம் மங்கலாகக் கேட்கும்.

நன்றாக ஓடும் அன்றைக்கே கணினியில் ஏற்றிவிடுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில் அறுபது நிமிடக் கேசட் சுமார் 600 எம்பி பிடிக்கும். அசலை, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு நிமிர்த்தி வையுங்கள். ஆரஞ்சு மணி பச்சையானால் வறுத்துக் காயவைத்துத் திரும்பப் போடலாம். காயட்டுமே என்று டப்பாவைக் கணப்புப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள், கூடு வளைந்துவிடும்.