கிராபிக்ஸ் கார்டில் வாட்டர் பிளாக்: நீண்ட காலப் பயன்பாட்டில் கவனிக்க வேண்டிய மூன்று வித்தியாசங்கள்

கிராபிக்ஸ் கார்டுக்கு வாட்டர் பிளாக் (சிப்பின் மீது உட்கார்ந்து, உள்ளே ஓடும் நீரால் அதைக் குளிர்விக்கும் உலோகப் பாகம்) மாட்டியவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணைத்தான் சொல்வார்கள்: கேம் ஓடும்போது 48 டிகிரி. அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அறை 20 டிகிரியில் இருந்தால் 48 சுமார்தான். அறை 32 டிகிரியில் இருந்தால் அதே 48 அருமை. பிளாக் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா, வருடங்கள் போனபிறகும் அப்படியே இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள மூன்று வெப்பநிலை வித்தியாசங்களைப் பார்க்க வேண்டும். கூலன்டுக்கும் (உள்ளே சுற்றும் நீர்) அறைக்கும் உள்ள வித்தியாசம், அந்த நீரைக் காற்றால் ஆற்றும் ரேடியேட்டரின் நிலையைச் சொல்லும். ஜிபியூவுக்கும் (கார்டின் முக்கியச் சிப்) கூலன்டுக்கும் உள்ளது பிளாக்கின் உள்நிலையையும் நீரோட்டத்தையும் சொல்லும். ஹாட்ஸ்பாட்டுக்கும் (அந்தச் சிப்பிலேயே அதிகம் சூடான புள்ளி) ஜிபியூவுக்கும் உள்ளது, நடுவில் தடவிய வெப்பம் கடத்தும் பேஸ்ட் எப்படி இருக்கிறது, சிப்பின் மீது பிளாக் சமமாக அழுந்தியிருக்கிறதா என்பதைச் சொல்லும்.

இதற்கு கூலன்ட் வெப்பநிலை சென்சார் கட்டாயம் வேண்டும். பாகங்களில் இருக்கும் ஜி 1/4 அளவு மரைத் துளையில் திருகி மாட்டும் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் (வெப்பத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் சென்சார்) போதும். மதர்போர்டில் அதற்கான இரண்டு பின் ஹெடர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தனி ஃபேன் கன்ட்ரோலர் வாங்க வேண்டியிருக்கும். சென்சார் இல்லாத லூப்பில் (பம்ப், பிளாக், ரேடியேட்டர் வழியே நீர் சுற்றும் பாதை) கோளாறு வந்தால் எதையும் ஊகித்துத்தான் கழற்ற வேண்டும்.

350 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 3090 போன்ற கார்டில், நன்றாக மாட்டிய முழு கவர் பிளாக்கில் (சிப்போடு மெமரியையும் மின்சுற்றையும் மூடுவது) ஜிபியூ கூலன்டைவிட 10 முதல் 15 டிகிரி மேலே இருக்கும். ஹாட்ஸ்பாட் அதற்கும் மேலே 8 முதல் 15 டிகிரி. இந்த அளவுக்குள் வந்தால் பிளாக்கைத் தொட வேண்டியதில்லை. ஹாட்ஸ்பாட் வித்தியாசம் முதல் நாளே 20-ஐத் தாண்டினால் மாட்டியதில் தவறு இருக்கிறது. ‘பேஸ்ட் செட் ஆகட்டும்’ என்று காத்திருப்பதில் பயனில்லை.

வாங்கும் முன்

முழு கவர் பிளாக் கார்டின் பெயருக்குப் பொருந்துவதில்லை, அதன் சர்க்யூட் போர்டுக்குத்தான் பொருந்தும். ஒரே 3090-இல் என்விடியா தானே விற்கும் ஃபவுண்டர்ஸ் எடிஷன் போர்டு வேறு, மற்ற நிறுவனங்களுக்கான அடிப்படை வடிவமான ரெஃபரன்ஸ் போர்டு வேறு, ஒவ்வொரு நிறுவனமும் மாற்றியமைத்த போர்டு வேறு. ஒரே மாடலில் இடையில் ரிவிஷன் மாறி, கெபாசிட்டர் ஒன்று இடம் மாறியதால் பிளாக் உட்காராமல் போவதும் உண்டு. கார்டின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள முழு பார்ட் எண்ணை பிளாக் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். கூலரைக் கழற்றியதும் போர்டின் படத்தை இன்னொரு முறை ஒப்பிடுவது நல்லது, அதுவும் பிளாக்கின் பேக்கிங்கைப் பிரிப்பதற்கு முன்பே.

வாரன்டி எப்படி என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. சிலர் கூலரைக் கழற்ற அனுமதிக்கிறார்கள், சிலர் ஸ்க்ரூ மீது ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். எப்படியிருந்தாலும் பழைய கூலர், பேக்பிளேட், ஸ்க்ரூக்கள் அனைத்தையும் எந்தத் துளைக்கு எது என்று குறித்து எடுத்து வையுங்கள். விற்கும்போதும் அவை தேவைப்படும்.

லூப்பில் இருக்கும் உலோகங்களையும் பாருங்கள். பிளாக் பெரும்பாலும் நிக்கல் பூசிய தாமிரம். அதோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால் மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம் அரித்துப்போகும். தாமிரம் அல்லது பித்தளை ரேடியேட்டர் மட்டுமே வாங்குங்கள்.

பழைய கூலரைக் கழற்றுவது

கழற்றுவதற்கு முன் கார்டைப் பத்து நிமிடம் ஏதாவது கனமான கேமில் ஓடவிடுங்கள். பேஸ்ட் இளகியிருந்தால் கூலர் எளிதாக வரும். குளிர்ந்துபோன பழைய பேஸ்ட்டோடு நெம்பினால் சிப்பின் ஓரம் உடையலாம். ஸ்க்ரூ எல்லாம் எடுத்தபின் கூலரை இடவலமாக மெல்லத் திருகி அசைத்தால் பிடி விடும். உடனே முழுவதுமாகத் தூக்கிவிடக் கூடாது. ஃபேனுக்கும் விளக்குக்கும் போகும் மெல்லிய கேபிள்கள் இன்னும் மாட்டியிருக்கும். புத்தகம் திறப்பதுபோல் ஒரு பக்கம் மட்டும் தூக்கி, கனெக்டரைப் பிடித்து எடுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தால் சாக்கெட் போர்டோடு பெயர்ந்து வரும்.

சிப்பையும் மெமரியையும் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைக்கலாம். ஆனால் அந்த ஆல்கஹால் பிளாக்கின் அக்ரிலிக் பாகத்தில் படவே கூடாது. ஸ்க்ரூ இறுகிய அழுத்தத்தில் இருக்கும் அக்ரிலிக்கில் ஆல்கஹால் பட்டால் மயிரிழை விரிசல்கள் ஓடும். சில வாரங்களில் அதுவே கசிவாகும். தாமிரத் தகட்டைத் துடைக்கும்போது துணியில் ஈரம் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெர்மல் பேட்: எல்லாம் இங்கேதான் முடிவாகிறது

பிளாக்கின் தகடு ஒரே சமயத்தில் மூன்று உயரங்களைத் தொட வேண்டும். சிப்பின் மீது மைக்ரான் கணக்கில் பேஸ்ட், மெமரியின் மீது ஒரு பேட் (வெப்பம் கடத்தும் மெத்தைபோன்ற துண்டு), கார்டுக்கு மின்சாரம் தரும் மாஸ்ஃபெட்டுகளின் மீது இன்னொரு பேட். கையேட்டில் மெமரிக்கு 1.0 மில்லிமீட்டர் என்று இருக்கும் இடத்தில் 1.5 போட்டால் என்ன ஆகும்? சிப்பைச் சுற்றி இருக்கும் மெமரிச் சில்லுகளின் மேல் உள்ள பேடுகள் தகட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் பேஸ்ட் தடித்த படலமாக நிற்கும். ஜிபியூ 52, 54 என்று ஒப்புக்கொள்ளக்கூடிய எண்ணையே காட்டும். ஹாட்ஸ்பாட் மட்டும் 80-ஐத் தொடும். ஜிபியூ எண்ணை மட்டும் பார்ப்பவர் இதை வருடக்கணக்கில் கவனிக்காமலே ஓட்டிவிடுவார்.

தடிமனை விடக் குறைவாகவே பேசப்படுவது கடினத்தன்மை. பெட்டியில் வெப்பம் கடத்தும் திறன் 12, 15 வாட்/மீட்டர்-கெல்வின் என்று பெரிதாக அச்சிட்ட பேடுகள் பல மிகக் கடினமாக இருக்கும், அமுங்காது. தடிமன் சரியாக இருந்தும் தகட்டைத் தூக்கிவிடும். பிளாக்கோடு வரும் மென்மையான பேட், கடத்தும் எண் குறைவாக இருந்தாலும், பல சமயம் மொத்தத்தில் நல்ல முடிவைத் தரும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் தெர்மல் புட்டி நல்ல தேர்வு. இடைவெளிக்கு ஏற்பத் தானே நசுங்கிக்கொள்ளும். கழற்றும்போது துடைத்தெடுப்பது மட்டும் சற்று வேலை.

பேடின் இருபுறமும் பாதுகாப்புப் படலம் இருக்கும். ஒரு பக்கம் நீல நிறத்தில் தெரியும், மறுபக்கம் கண்ணாடிபோல் இருப்பதால் உரிக்காமலே மாட்டிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. மெமரி வெப்பநிலை காரணமில்லாமல் 100-ஐத் தாண்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

மாட்டியபின் ஒருமுறை கழற்றிப் பார்க்கும் சோதனையைத் தவிர்க்காதீர்கள். பேஸ்ட் கொஞ்சம் வீணாகும், அவ்வளவுதான். ஒவ்வொரு பேடிலும் சில்லின் சதுர அச்சு ஓரம் தெளிவாகப் பதிந்திருக்க வேண்டும். சிப்பின் மீது பேஸ்ட் எல்லா மூலைகளிலும் மெல்லியதாகப் பரவி, நடுவில் கிட்டத்தட்ட ஊடுருவித் தெரிய வேண்டும். ஒரு மூலை மட்டும் தடிமனாக இருந்தால் ஸ்க்ரூ சமமாக இறுகவில்லை. நான்கு பக்கமும் தடிமனாக இருந்தால் பேட் உயரம்தான் காரணம்.

3090-க்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதில் உள்ள 24 மெமரிச் சில்லுகளில் 12 பின்பக்கம் இருக்கின்றன. முன்பக்க பிளாக் அவற்றை நேரடியாகக் குளிர்விக்காது. இந்தக் கார்டில் உள்ள ஜிடிடிஆர் 6 எக்ஸ் வகை மெமரி 110 டிகிரியில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேமுக்கு பேட் வைத்த உலோக பேக்பிளேட்டும் அதன் மீது காற்று வீசும் ஒரு ஃபேனும் போதும். ரெண்டரிங், ஏஐ மாடல் பயிற்சி என்று மெமரியை மணிக்கணக்கில் வாட்டும் வேலைக்கு நீர் ஓடும் பேக்பிளேட்டுக்குச் செலவு செய்வது நியாயமே. 3090 டிஐ-யில் எல்லா மெமரியும் முன்பக்கமே இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

பேஸ்ட்டா, பிடிஎம் 7950-ஆ

மூடியில்லாத நேரடிச் சிப்பில் பேஸ்ட்டின் எதிரி பம்ப்-அவுட். சூடாகிக் குளிரும்போது சிப்பும் தகடும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கி, நடுவில் உள்ள பேஸ்ட்டை மெல்ல ஓரத்துக்குத் தள்ளும். நீர்த்த பேஸ்ட்டில் சில மாதங்களிலேயே ஹாட்ஸ்பாட் வித்தியாசம் 10-இலிருந்து 20-க்கு ஏறுவது உண்டு. அதனால் ஜிபியூவுக்குக் கெட்டியான பேஸ்ட் அல்லது ஹனிவெல்லின் பிடிஎம் 7950 படலம் நல்லது. நீண்ட கால உபயோகத்துக்கு என் தேர்வு சந்தேகமில்லாமல் படலம்தான்.

ஆனால் நீர்க் குளிர்விப்பில் அதற்கு ஒரு கூடுதல் படி தேவை. அந்தப் படலம் 45 டிகிரிக்கு மேல்தான் உருகிப் பரவும். நல்ல லூப்பில் சிப் அந்த வெப்பத்தைத் தாண்டாமலே இருந்துவிடலாம். மாட்டிய முதல் நாளில் ரேடியேட்டர் ஃபேன்களை நிறுத்தி, கார்டுக்கு லோடு கொடுத்து, ஜிபியூ 60-ஐத் தாண்டும்வரை விடுங்கள். கூலன்ட் 50 டிகிரியை நெருங்கினால் ஃபேனைப் போட்டுவிடுங்கள். பல பம்ப்களின் உச்ச வரம்பு 60 டிகிரிதான். இரண்டு மூன்று முறை இப்படிச் சூடாக்கிக் குளிரவிட்டால் ஹாட்ஸ்பாட் படிப்படியாக இறங்குவது கண்ணெதிரே தெரியும். படலத்தை ஒட்டும் முன் ஃப்ரிட்ஜில் சிறிது நேரம் வைத்தால் பிளாஸ்டிக் உறை கிழியாமல் உரியும்.

இறுக்குவது, கசிவு சோதனை, நீர் நிரப்புவது

சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஸ்க்ரூக்கள்தான் முதலில். எல்லாவற்றையும் லேசாகப் பிடிக்கவைத்து, பிறகு குறுக்குக்குறுக்காகக் கால் சுற்று வீதம். ஓர வரிசை ஸ்க்ரூக்கள் கடைசியில். ஃபிட்டிங்குகளை (டியூபைப் பொருத்தும் இணைப்புகள்) கையாலேயே இறுக்குங்கள். கசிவைத் தடுப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், இறுக்கம் அல்ல. ஸ்பேனர் போட்டால் அக்ரிலிக்கில் துளையைச் சுற்றி விரிசல் விழும்.

கார்டில் மாட்டும் முன்பே பிளாக்கைத் தனியாகக் காற்று பம்ப் வைத்து 0.5 பார் அழுத்தத்தில் 20 நிமிடம் விடுங்கள், அழுத்தமானியின் முள் அசையக் கூடாது. முழு லூப்புக்கும் அதே சோதனை. நீர் நிரப்பும்போது பவர் சப்ளையின் 24 பின் பிளக்கை மதர்போர்டிலிருந்து எடுத்து ஜம்பர் (மதர்போர்டு இல்லாமலே பவர் சப்ளையை ஓடவைக்கும் இணைப்பு) மாட்டி, பம்ப் மட்டும் ஓடும்படி வையுங்கள். ரிசர்வாயரில் (நீர்த் தொட்டி) நீர் இல்லாமல் பம்பை ஓடவிடாதீர்கள். பிளாக்கில் நீர் நுழையும் துளை எது என்று கையேட்டில் பாருங்கள். நீரைச் சிப்புக்கு நேரே பாய்ச்சும் ஜெட் பிளேட் உள்ள பிளாக்கில் திசை மாறினால் சில டிகிரி நஷ்டம்.

நீரோட்டத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மணிக்கு 60 லிட்டரில் 350 வாட் வெப்பம் நீரை 5 டிகிரி சூடாக்கும், 120 லிட்டரில் 2.5 டிகிரி. அதற்கு மேல் பம்பை விரட்டினால் இரைச்சல்தான் கூடும். ஃபேன் வேகத்தை ஜிபியூவை வைத்து அமைக்காமல் கூலன்டை வைத்து அமையுங்கள். கூலன்ட் மெதுவாகவே மாறும் என்பதால் ஃபேன் ஏறி இறங்கும் தொல்லை இருக்காது. ஃபேன் அடங்கியதும் கார்டின் காயில் ஒலி (மின்சுருள்களின் கீச்சொலி) முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும். அது புதிதாக வந்த கோளாறு அல்ல, முன்பு ஃபேன் சத்தத்தில் அமுங்கியிருந்தது.

காலம் போகப் போக

கூலன்டுக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஏறினால் ரேடியேட்டரில் தூசி. ஃபேனைக் கையால் பிடித்துக்கொண்டு காற்றடித்தால் சரியாகிவிடும். ஹாட்ஸ்பாட் வித்தியாசம் மட்டும் ஏறினால் பேஸ்ட் வெளியேறுகிறது. ஜிபியூவுக்கும் கூலன்டுக்கும் உள்ளது ஏறினால் பிளாக்கின் நுண்துடுப்புகள் அடைபடுகின்றன. இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, பால்போல் ஒளிபுகாத நிறக் கூலன்டின் துகள்கள் படிவது. மற்றது, தெளிவான மென்மையான பிவிசி டியூபிலிருந்து கரைந்து வரும் பிளாஸ்டிசைசர் (டியூபை மென்மையாக வைக்கும் சேர்மம்), துடுப்புகளுக்கிடையே வெள்ளைப் பிசினாகச் சேர்வது. நிறமில்லாத கூலன்டும் கறுப்பு இபிடிஎம் ரப்பர் டியூபும் போட்டால் இரண்டும் இல்லை. அழகு குறையும்தான், ஆனால் வருடத்துக்கு ஒருமுறை நீரை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும்.

கார்டின் ஓரத்தில் எண்ணெய் மினுமினுத்தால் பதற வேண்டாம். பேடுகளிலிருந்து சிலிக்கோன் எண்ணெய் கசிவது சகஜம், மின்சாரத்தைக் கடத்தாது. விரலில் தொட்டால் வழுக்கும், காயாது. கூலன்ட் கசிந்தால் ஃபிட்டிங் அல்லது பிளாக்கின் இணைப்போரத்தில் தொடங்கி, காய்ந்த இடத்தில் கறை விடும். அப்படிக் கண்டால் உடனே அணைத்துவிடுங்கள்.

பிளாக்கைத் திறந்து சுத்தம் செய்ய மென்மையான பல் துலக்கும் பிரஷ், டிஸ்டில்டு வாட்டர், சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். வினிகர் நிக்கல் பூச்சைக் கெடுக்கும். ஓ-ரிங்கைத் தட்டையாகிவிட்டதா என்று தடவிப் பார்த்து, நல்லதாக இருந்தால் சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவிப் பள்ளத்தில் உட்காரவையுங்கள். பெட்ரோலிய கிரீஸ் தடவினால் இபிடிஎம் ஊதிவிடும். பிளாக் வாங்கும்போதே அதற்கான ஓ-ரிங் செட் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கார்டுத் தலைமுறை மாறியதும் அந்த மாடலின் உதிரிகள் சந்தையில் அரிதாகிவிடும்.