கூப்பிட்டதும் மைக் செட் கிளம்ப: 5 ஆம்பியர் ஆட்டோமேட்டிக் சார்ஜர் தேறுமா?

காலை ஆறு மணிக்குச் சாவுச் சேதி வரும். ஒன்பதுக்குள் வாசலில் பந்தல் போட்டு, கானாவுக்கு மைக் கட்டியாக வேண்டும். வியாசர்பாடி, காசிமேடு பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர்களுக்கு இது வாடிக்கை. மைக் செட்டை ஓட்டும் 12 வோல்ட் பேட்டரி 42 ஆம்பியர்-ஹவர் கொள்ளளவாக இருந்து பாதி இறங்கியிருந்தால், அந்த மூன்று மணி நேரத்தில் இந்த 5 ஆம்பியர் சார்ஜரும் ஏற்றாது. நேற்றே ஏறியிருக்க வேண்டும்.

அதற்குத்தான் இந்த மூன்று கட்ட சார்ஜர். முதலில் 5 ஆம்பியர் தள்ளும், 14.4 வோல்ட் வந்ததும் அங்கேயே நிறுத்திப் பிடிக்கும், ஆம்பியர் தானாகக் குறையும். பிறகு 13.6-க்கு இறங்கி, மாட்டியபடியே காத்திருக்கும். பாதி காலியான பேட்டரிக்கு முதல் கட்டம் நாலு மணி நேரம், அடுத்தது இன்னும் இரண்டு மூன்று. முள் ஆடும் பழைய இரும்புப் பெட்டி சார்ஜருக்கு நிறுத்தத் தெரியாது. ராத்திரி மறந்து தூங்கினால் சீல்டு பேட்டரியில் உள்ள தண்ணீர் வாயுவாகப் போய்விடும். திரும்ப ஊற்ற வழியில்லை.

பச்சை விளக்கை மட்டும் நம்பக் கூடாது. சார்ஜரைக் கழற்றி நாலைந்து மணி நேரம் விட்டு மீட்டர் வையுங்கள். 12.8 இருந்தால் முழுசு, 12.4 முக்கால், 12.2 பாதி. கழற்றிய உடனே பார்த்தால் 13-க்கு மேல் காட்டி ஏமாற்றும். ஆம்பிளிஃபையரை ஆன் செய்தபடி சார்ஜ் போடுவதும் வேண்டாம். அது கரண்டை இழுத்துக்கொண்டே இருப்பதால் கடைசிக் கட்டத்துக்கே போகாது, ஸ்பீக்கரிலும் 'உம்'மென்று இரைச்சல் வரும்.

பெரிய குறை, கரண்ட் போய் வந்தால் தெரியும். பட்டனை அமுக்கி மோடு தேர்வு செய்யும் இந்த மாடல், மின்வெட்டுக்குப் பிறகு எதையும் தேர்வு செய்யாத நிலைக்குப் போய்விடுகிறது. விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. மழைக்காலத்தில் ஒரு முறை ஏமாந்தால் கச்சேரி பாதியில் மைக் படுத்துவிடும். வாங்கும்போது கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிச் செருகி, பழைய மோடுக்கே வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று வெயில். 13.6 என்பது 25 டிகிரிக்கான கணக்கு. தகரக் கொட்டகைக்குள் 35 இருந்தால் 13.4 போதும், ஆனால் இதில் வெப்பத்துக்கேற்ப மாற்றும் வசதி இல்லை. சூடு பத்து டிகிரி கூடினால் பேட்டரி ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அக்னி நட்சத்திரம் முடியும்வரை மாட்டியபடியே விட்டுவைக்காமல், முழுசாக ஏற்றிக் கழற்றிவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூன்று நாலு மணி நேரம் போட்டால் போதும். நிகழ்ச்சி முடிந்து வந்த பேட்டரியை மட்டும் அன்றைக்கே ஏற்றிவிட வேண்டும். காலியாகக் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து, அப்புறம் முழுசாக ஏறவே ஏறாது.

கிளிப் சுமார்தான். முலாம் பூசிய இரும்பு. ராயபுரம் கடல் காற்றில் சீக்கிரமே துரு ஏறிவிடும். பல்லை உப்புத்தாளால் தேய்த்து, டெர்மினலில் வாசலின் தடவுங்கள். பிடி தளர்ந்தால் கிளிப் சுடும், அதுதான் அடையாளம். சிவப்பு, கருப்பு இரண்டையும் மாட்டிய பிறகே சுவிட்ச். கழற்றும்போது முதலில் சுவிட்ச். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் மூடிய அலமாரிக்குள் வேண்டாம்.

அடியோடு இறங்கிய பேட்டரியை இது கண்டுகொள்வதே இல்லை. நல்ல 12 வோல்ட் பேட்டரி ஒன்றை பாசிட்டிவ் பாசிட்டிவோடு, நெகட்டிவ் நெகட்டிவோடு பத்து நிமிடம் சேர்த்து வைத்தால் எழுந்துகொள்ளும்.

26 முதல் 42 ஆம்பியர்-ஹவர் வரை வைத்திருப்பவர்கள் தைரியமாக வாங்கலாம். சக்கரம் வைத்த சின்ன ஸ்பீக்கருக்குள் இருக்கும் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு வேண்டாம். அது 2 ஆம்பியர்தான் தாங்கும், 5 கொடுத்தால் வயிறு உப்பிவிடும்.